முத்தையன்கட்டில் ஒரு வைகாசிக் கலியாணம்: இருபத்தேழு வருடம்

அலைகரை | காலை 5.48

இன்று எங்கள் கலியாண நாள். 1998 வைகாசி, முல்லைத்தீவு மாவட்டத்து முத்தையன்கட்டுக் குளத்தின் வலதுகரை, காலை முகூர்த்தம். அவள் இன்னும் எழும்பவில்லை. எழும்பினால் "இதையெல்லாம் ஏன் ஊருக்குச் சொல்கிறீர்கள்" என்பாள். அதற்கு முன் எழுதி முடித்துவிடப் பார்க்கிறேன்.

மண்டபம் கிடையாது. வாய்க்கால் ஓரம் இரண்டு மருதமரங்கள் கிளை கோத்து நின்றன. அவற்றின் கீழ்தான் மணவறை. நான்கு தடி ஊன்றி, கிடுகு வேய்ந்து, அதற்கும் மேலே பச்சைக் குழை பரப்பினோம். உட்புறம் அம்மாவின் இரண்டு சேலைகளும் மாமாவின் வேட்டிகளும் தொங்கின. நிறைகுடம், குத்துவிளக்கு, அரசாணிக்கால் எல்லாம் முறைப்படி. ஐயர் 1995 இல் வலிகாமத்திலிருந்து இடம்பெயர்ந்து வந்தவர். ஓமத்துக்கு நெய் போதாது என்று முதல்நாளே கையை விரித்துவிட்டார். எருமை வளர்த்த ஒரு பெரியம்மா அரைப் போத்தல் நெய்யை மடியில் மறைத்துக்கொண்டு வந்து கொடுத்தார். ஏன் மறைத்தார் என்று இன்றுவரை தெரியாது.

மேளகாரர் கிடைக்கவில்லை. வானொலிப் பெட்டி இருந்தது, நாதஸ்வரக் கசெற் இருந்தது, பற்றரி மட்டும் இல்லை. மச்சான் சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, டைனமோவிலிருந்து கம்பி இழுத்து, பெடலைக் கையால் சுற்றினான். அவன் கை வேகம்தான் வித்துவானின் வேகம். களைத்தால் தோடி இழுபட்டு, கன்றைக் காணாத பசு கத்துவது போல் ஆகிவிடும். தாலி கட்டும் நேரத்தில் ஐயர் "கெட்டிமேளம், கெட்டிமேளம்" என்று விரலை ஆட்டியதும் பதறிப்போய்ச் சுற்றினான் பாருங்கள், தகரக் கூரையில் கல்மாரி பெய்தது போலிருந்தது. சிரித்துக்கொண்டேதான் முடிச்சுப் போட்டேன்.

சாப்பாடு தாமரையிலையில். பக்கத்துச் சின்னக்குளத்தில் இறங்கிப் பிடுங்கி வந்தோம். வன்னியில் அது புதுமையில்லை என்றாலும் கச்சான் காற்று வீசும் காலத்தில் தாமரையிலைப் பந்தி வைத்துப் பார்த்திருக்கிறீர்களா? பாயில் ஆட்கள் உட்காருமுன் இலைகள் எழும்பி வயலுக்குப் பறந்தன. ஒவ்வோர் இலைக்கும் ஒரு கல் வைக்கச் சின்னப் பிள்ளைகளை விட்டோம். சோறு விழுந்ததும் கல்லை எடுக்க வேண்டும். அடுத்த சிக்கல், தாமரையிலையில் எதுவும் ஒட்டாது. பருப்பை ஊற்றினால் பாதரசம் போல உருண்டு விளிம்புக்கு ஓடும். சோற்றில் கிணறு தோண்டி, ஊற்றி, உடனே மூடத் தெரிந்தவர்கள்தான் வயிறாரச் சாப்பிட்டார்கள். பூசணிக்காய், கத்தரிக்காய்ப் பால்கறி, மோர், பனங்கட்டி போட்ட பாயசம். பாயசம் சேற்று நிறம்.

ஒரே ஒரு படம் எடுத்தோம். ஃபிளாஷுக்கும் பற்றரி இல்லாததால் மரநிழலை விட்டு வெயிலுக்கு இழுத்து நிறுத்தினார்கள். இருவரும் கண்ணைச் சுருக்கிக்கொண்டு, யாருடனோ வழக்குப் பேசப் போகிறவர்கள் போல நின்றோம். 2009 இல் அதுவும் போய்விட்டது.

வியாழன் கலியாணம், ஞாயிறு நாலாம் சடங்கு. அது முடிந்த கையோடு தேனிலவு: ஒரு சைக்கிள், கரியரில் அவள், மடியில் ஒரு துணிப்பொதி. வற்றாப்பளைக் கண்ணகி அம்மன் கோயில் பொங்கலுக்குப் புறப்பட்டோம். வழியில் கற்சிலைமடுவில் அந்தக் கல்லைப் பார்த்தோம். 1803 ஒக்டோபர் 31 இல் வன்னியை ஆண்ட பண்டாரவன்னியனைத் தோற்கடித்ததாக வெள்ளைக்காரத் தளபதியின் பெயரோடு ஆங்கிலத்தில் எழுதியிருந்தது. அவள்தான் அங்கே போக வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றாள். வரலாறு என்றால் உயிர். இரவு முள்ளியவளை காட்டா விநாயகர் கோயிலில் உப்புநீரில் விளக்கெரிவதைப் பார்த்தோம். ஒரு போத்தல் மண்ணெண்ணெய்க்கு ஊரெல்லாம் அலைந்த காலம் அது. அங்கே கடல்நீரில் திரி எரிகிறது. "அம்மாளாச்சி எங்களுக்கும் கொஞ்சம் சொல்லிக்கொடுத்தால் என்ன" என்று பின்னால் நின்ற ஒரு கிழவி முணுமுணுத்தார். மறுநாள் வற்றாப்பளை. நந்திக்கடல் காற்றில், ஆயிரம் பேருக்கு நடுவே, மணலில் படுத்துறங்கினோம்.

உங்கள் கலியாணங்களையும் எழுதுங்கள். மண்டபத்தில் நடந்தவை வேண்டாம்.

நந்திக்கடல் நண்டு | காலை 6.20

வாழ்த்துகள் அண்ணா! கிணறு தோண்டிய இடத்தில் சிரித்துப் புரையேறிவிட்டது. மதியம் விரிவாக எழுதுகிறேன்.

இரணைமடுத் தம்பி | காலை 6.41

வாழ்த்துகள் அண்ணா, அண்ணிக்கும் சொல்லுங்கள். எனக்கு ஆவணியில் கலியாணம். வீட்டில் கிளிநொச்சியில் மண்டபம் பார்க்கிறார்கள்: குளிரூட்டி, மேடை முழுக்கப் பிளாஸ்ரிக் பூ, காணொளிக்கு இரண்டு ட்ரோன். எனக்கும் அவளுக்கும் மரத்தடியில், எளிமையாகச் செய்ய ஆசை. கிடுகின் மேல் பச்சைக் குழை பரப்பிய யோசனை அபாரம். மேலேயிருந்து ட்ரோனில் எடுத்தால் பந்தலே தெரியாது, வெறும் காடு போல இருக்கும், இல்லையா? என்ன குழை என்று சொல்ல முடியுமா?

ஆட்காட்டி | காலை 7.15

தம்பி, மேலேயிருந்து பார்த்தால் பந்தல் தெரியக்கூடாது என்பதற்காகத்தான் குழை பரப்பினார்கள். அலைகரை அதைச் சொல்லாமல் விட்டுவிட்டார். கிபிர் குண்டுவீச்சு விமானம் வரும். மேலே வெள்ளை தெரிந்தால், ஆட்கள் கூட்டமாகத் தெரிந்தால், என்ன நடக்கும் என்று எங்களுக்குத் தெரியும். மருதமரத்தை அழகுக்காகத் தேர்ந்தெடுத்தோமா? இலை அடர்த்திக்காகத் தேர்ந்தெடுத்தோம். காலை முகூர்த்தம் ஏன்? இரவில் வெளிச்சம் போட மண்ணெண்ணெய் இல்லை, போட்டாலும் ஆபத்து. தாமரையிலை ஏன்? முத்தையன்கட்டில் வாழைத் தோட்டம் இல்லாமலா போயிற்று? இடம்பெயர்ந்தவன் யாருடைய தோட்டத்தில் போய் ஐம்பது இலை வெட்டுவான்?

நான் அதே வருடம் மல்லாவியில் கட்டினேன். கிளிநொச்சி இராணுவத்திடம் விழுந்த பிறகு சனம் முழுக்க அங்கேதான். என் கலியாணத்தில் பன்னிரண்டு பேர். பாயசம் இல்லை. மனைவியின் அப்பா கிளாலிக் கடலேரி கடந்து வந்த களைப்பு ஆறாமலே காய்ச்சலில் படுத்திருந்தார். பாயில் படுத்தபடியே கையைத் தூக்கி ஆசீர்வதித்தார். இதை நான் "எளிமையான திருமணம்" என்று யாருக்கும் சொன்னதில்லை. எளிமை என்றால் வேண்டாம் என்று விட்டவன் சொல்ல வேண்டிய சொல். எங்களிடம் இருந்தது இல்லாமை. இரண்டுக்கும் ஒரே சொல்லைப் போட்டால் கோபம் வருகிறது. கலியாண நாள் அன்று இதைச் சொல்வதற்கு அலைகரை மன்னிக்கட்டும்.

அலைகரை | காலை 7.52

மன்னிப்பு எதற்கு. நான் எழுதியதில் எளிமை என்ற சொல் ஓரிடத்திலும் இல்லை, போய்ப் பாருங்கள். தம்பிதான் போட்டார், அவரையும் கோபிக்க வேண்டாம், அவர் அப்போது பிறந்திருக்கவே மாட்டார்.

விட்டதையும் சொல்கிறேன். கன்னிக்கால் ஊன்றுவதற்கு இரண்டு நாள் முன்பே பதுங்குகுழி வெட்டிவிட்டோம், மணவறையிலிருந்து பத்தடி. வெட்டிய மண்ணை அப்படியே விட்டால் மேலேயிருந்து தெரியும் என்று குழையால் மூடினோம். மாமாவின் நண்பர் ஒருவர் குளக்கட்டில் துருசடியில் (மதகடியில்) விமானச் சத்தத்துக்குக் காதைக் கொடுத்துக்கொண்டு நின்றார். அவருக்குச் சாப்பாடு குளக்கட்டுக்கே போயிற்று. சத்தம் கேட்டால் எப்படி ஓடுவது என்று ஐயரிடம் கேட்டார்கள். "மாப்பிள்ளை பொம்பிளை முதலில், பிறகு நான், அக்கினி தன்பாட்டில் நிற்கும்" என்றார். அன்று எதுவும் வரவில்லை. குழிக்குள் ஒரு ஆட்டுக்குட்டி விழுந்தது, அவ்வளவுதான்.

இதையெல்லாம் காலையில் எழுத உட்கார்ந்தபோது நினைக்கவேயில்லை என்றால் நம்புவீர்களா? இலை பறந்ததுதான் முதலில் வந்தது. அது என் குற்றமா என்று தெரியவில்லை.

தம்பி, குழை மருதங்குழையும் வேப்பங்குழையும். வேம்பு நல்லது, சாயங்காலம் வரை வாடாது.

ஆட்காட்டி | காலை 8.05

குற்றம் என்று யார் சொன்னது. எனக்கு அப்படி ஒரு இலை பறக்கவில்லையே என்று இருக்கிறது, வேறொன்றுமில்லை.

புளியடிச் சந்தி | காலை 9.10

வாழ்த்துகள். ஒரு சந்தேகம். ஒட்டுசுட்டானிலிருந்து முள்ளியவளைக்குப் போகிறவர் முல்லைத்தீவு வீதியில் நேரே போவார். கற்சிலைமடு புதுக்குடியிருப்பு வீதியில் அல்லவா இருக்கிறது? கரியரில் புதுப்பெண்ணை வைத்துக்கொண்டு, வைகாசி வெயிலில், ஒரு கல்லைப் பார்க்கச் சுற்றுவழி போனீர்களா?

அலைகரை | காலை 9.14

சொன்னேனே, வரலாறு என்றால் அவளுக்கு உயிர். சந்தைக்குப் போகிறேன், வந்து மிச்சம்.

பனையடி | காலை 10.30

நான் 2011. மீள்குடியேறி ஐந்தாறு மாதம். வீட்டுக்குச் சுவர் இருந்தது, கூரை இல்லை. ஆகவே கலியாணம் வெளியில்தான். உள்ளே வைத்தாலும் அது வெளிதான். ஐ.நா. அகதிகள் அமைப்பான யூஎன்எச்சிஆர் கொடுத்த தறப்பாள் நான்கை அயலவர்களிடம் வாங்கி முடிந்து பந்தலாக்கினோம். வெயில் ஏற ஏற உள்ளே எல்லோர் முகமும் நீலம். படங்களைப் பார்த்தால் குளிரில் விறைத்த கூட்டம் போலிருக்கிறோம், உண்மையில் வேர்த்து ஒழுகினோம்.

வந்தவர்களை வரவேற்றது பன்னீர்ச் செம்பு இல்லை. என் தம்பியை வாசலில் நிறுத்தியிருந்தோம். "வணக்கம், வாருங்கள், சிவப்பு மண்டையோட்டுப் பலகைக்கு அப்பால் போக வேண்டாம், ஒதுங்குவதென்றால் கிணற்றுப் பக்கம்" என்று ஒரே மூச்சில் சொல்லிச் சந்தனக் கிண்ணத்தை நீட்டுவான். மிதிவெடி அகற்றி முடியாத காணி எங்கள் வளவுக்கு அடுத்தது. என் மனைவியின் பக்கம் தாரை வார்க்க அப்பா இல்லை, அண்ணனும் இல்லை. பெரியப்பா முறையான ஒருவரை மன்னாரிலிருந்து தேடிப் பிடித்தோம். அவர் கை நடுங்கிய நடுக்கத்தில் தண்ணீர் பாதி என் வேட்டியில்.

தேனிலவு: கூரை போட்டோம். இருவரும் சேர்ந்து. அவள் கீழேயிருந்து ஓடு எறிய நான் மேலே பிடிப்பேன். மூன்று ஓடு உடைந்தது, இரண்டு அவள் கணக்கு.

நந்திக்கடல் நண்டு | பிற்பகல் 12.45

என்னுடையது 2003. போர்நிறுத்தத்தில் ஏ9 பாதை திறந்து ஒரு வருடம். எல்லோருக்கும் எங்கேயாவது போய்ப் பார்க்கும் பைத்தியம் பிடித்திருந்தது. கலியாணம் முள்ளியவளையில் எங்கள் வீட்டு முற்றத்தில், பலாமரத்தடியில். அதைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை, சாதாரணமாக நல்லபடி நடந்தது. சொல்ல வேண்டியது தேனிலவு.

இவருக்கு நுவரெலியா போக ஆசை. காலண்டர் படத்தில் பார்த்த ஊர். நான் அதுவரை வவுனியாவைக்கூடத் தாண்டியதில்லை. அம்மா ஒரு பெட்டி நிறையப் புழுக்கொடியல், எள்ளுருண்டை, ஒரு சுண்டுக் கச்சான் கடலை கட்டித் தந்தார். வழியில் ஒரு கோயிலடியில் பஸ் நின்றது, எல்லோரும் இறங்கித் தேங்காய் உடைத்தார்கள், இவர் மறுபடியும் கச்சான் வாங்கினார். பிறகு புலிகள், இராணுவம் என இரண்டு பக்கச் சோதனை. ஓமந்தையில் பெட்டியைத் திறந்து ஒவ்வொன்றாக வெளியே வைத்தேன். கச்சான் பொட்டலத்தைப் பார்த்த சிப்பாய் சைகையால் கேட்டார், ஒரு பிடி கொடுத்தேன். அவர் தோலை உடைத்துக்கொண்டே எங்கள் இருவரையும் பார்த்தார். என் கழுத்தில் புதுத் தாலிக்கொடி, கையில் மருதாணி. என்னவோ சிங்களத்தில் சொன்னார். வாழ்த்தினார் என்று இவர் சொல்கிறார், கச்சானில் உப்புக் குறைவு என்றிருப்பார் என்பது என் எண்ணம்.

நுவரெலியாவுக்கு இரவில் போய் இறங்கினோம். ஆயிரத்து எண்ணூறு மீற்றருக்கு மேலே இருக்கிற ஊர் என்று எங்களுக்கு யாரும் சொல்லவில்லை, சொல்லியிருந்தாலும் அதன் பொருள் தெரிந்திருக்காது. இவரிடம் அரைக்கைச் சட்டை மூன்று. என்னிடம் சேலைகள். கம்பளிச் சட்டை என்ற பொருளையே நாங்கள் வைத்திருந்ததில்லை. விடுதி அறையில் இருந்த இரண்டு கம்பளிகளையும் போர்த்தி, அதன் மேல் என் ஐந்து சேலைகளையும் போட்டு, அப்படியும் பல் அடித்துக்கொண்டது. விடியும்வரை எள்ளுருண்டை சாப்பிட்டோம். மறுநாள் சீதா எலிய கோயில், ஹக்கலைப் பூங்கா. பூக்கள் அழகுதான், மறுக்கவில்லை. ஆனால் பூவின் முன்னால் நின்று கை இரண்டையும் கக்கத்தில் வைத்துக்கொண்டு, "முள்ளியவளையில் இப்போது என்ன வெயில் அடிக்கும்" என்று ஏக்கத்தோடு பேசியவர்கள் நாங்களாகத்தான் இருப்போம். நான்கு நாள் திட்டம், இரண்டாம் நாளே பஸ் ஏறிவிட்டோம். மதவாச்சி தாண்டி வெக்கை முகத்தில் அடித்தபோது இவர் சட்டைப் பித்தானைத் திறந்துவிட்டு "அப்பாடா" என்றார். மிச்ச இரண்டு நாளும் வீட்டுக்குச் சொல்லாமல் வவுனியாவில் இருந்தோம். திட்டத்துக்கு முன் திரும்பினால் ஊர் வேறு கதை கட்டும் அல்லவா.

நெத்தலிச் சொதி | பிற்பகல் 1.30

இரணைமடுத் தம்பிக்கு. வெளியில் கலியாணம் செய்வதென்றால் சிலதைக் கேட்டுக்கொள்ளும். நான் பந்தல் வேலைக்காரன், பதினைந்து வருடமாக.

மரத்தை முதலில் அண்ணாந்து பாரும். அழகை அல்ல, குளவிக்கூட்டை. பெரிய மருது, புளி எல்லாவற்றிலும் இருக்கும், இலைக்குள் தெரியாது. ஒரு கலியாணத்தில் நான் சொல்லச் சொல்லக் கேளாமல் அடுப்பை மரத்தடியிலேயே மூட்டினார்கள். ஓமப் புகையும் சேர்ந்து மேலே போயிற்று. அரைமணியில் கூடு கலைந்தது. ஐயர் பஞ்சாங்கத்தோடு குளத்துக்குள் இறங்கிக் கழுத்தளவில் நின்றார். மாப்பிள்ளைத் தோழன் மாப்பிள்ளையை விட்டுவிட்டு ஓடிவிட்டான். பெண் தன் முக்காட்டை மாப்பிள்ளைக்கும் சேர்த்துப் போர்த்திக்கொண்டு அசையாமல் இருந்தாள். இருவருக்கும் ஒரு கொட்டுக்கூட இல்லை. ஆகவே அடுப்பு காற்றுக்குக் கீழ்ப்பக்கம், மரத்துக்கு எட்ட.

வைகாசி, ஆனி என்றால் பாலைமரத்தடி வேண்டாம். பழத்துக்குக் கரடி வரும். உமக்கு ஆவணி, பழம் முடிந்திருக்கும், பயமில்லை. ஆனால் குளம் வற்றிக் கரையோரம் வெடித்துக் கிடக்கும்; படத்தில் தண்ணீர் வேண்டுமென்றால் மார்கழி, தையில் குளம் நிறைந்து வான் பாயும்போது செய்ய வேண்டும், அப்போது மழையில் ஊறுவீர். இரண்டில் ஒன்று. குளக்கட்டில் பந்தல் போடுவதாக இருந்தால் நீர்ப்பாசனத் திணைக்களத்தில் முதலே கேட்டு எழுத்தில் வாங்கும். கட்டில் குழி தோண்ட விடமாட்டார்கள், விடவும் கூடாது. மணல் நிரப்பிய வாளியில் தடியை நடலாம். பிறகு கழிப்பறை. இதை யாரும் கவிதையில் எழுதுவதில்லை. நூறு பேருக்குக் குறைந்தது நான்கு. பெரியம்மாக்கள் மண்டபத்தைக் கேட்பது குளிரூட்டிக்காக அல்ல, இதற்காகத்தான்.

இரணைமடுத் தம்பி | பிற்பகல் 1.48

நன்றி அண்ணா. அம்மாவிடம் கேட்டேன். "கழிப்பறை இருந்தால் காட்டுக்குள் என்ன, கடலுக்குள்ளும் வருவேன்" என்கிறார். ஆட்காட்டி ஐயா, அந்தச் சொல்லை யோசியாமல் எழுதிவிட்டேன். அழைப்பிதழில் "எளிய முறையில்" என்று அடிக்க இருந்தோம். எடுத்துவிடச் சொல்லிவிட்டேன்.

ஆட்காட்டி | பிற்பகல் 2.02

தம்பி, உங்களிடம் இருந்து நீங்கள் வேண்டாம் என்கிறீர்கள். உங்களுக்கு அந்தச் சொல் பொருந்தும், போடுங்கள். எனக்கும் ஒரு அழைப்பிதழ் அனுப்பினால் கோபம் தீரும்.

அலைகரை | பிற்பகல் 2.35

இது அவர் இல்லை, நான். அவர் சந்தைக்குப் போனவர் இன்னும் காணோம், கணினியை மூடாமல் போயிருக்கிறார். எல்லாவற்றையும் வாசித்துவிட்டேன்.

முதலில் பாயசம். சேற்று நிறமில்லை, தேன் நிறம். அவர் அன்று ஒரு வாய்கூடச் சாப்பிடவில்லை, பயத்தில் வயிறு பிரட்டிக்கொண்டிருந்தது, அவருக்கு எப்படித் தெரியும்?

அடுத்தது தேனிலவு. பொங்கலுக்குப் போனோம் என்று எழுதியிருக்கிறார். பொங்கல் பார்த்தது உண்மை. போனது கூறைச்சேலையைத் திருப்பிக் கொடுக்க. என் மடியில் இருந்த துணிப்பொதி அதுதான். முள்ளியவளையில் ஒரு ஆசிரியை, அவருடைய கூறை அது, அரக்கு நிறம், அகலக் கரை. அந்த வருடம் கூறை வாங்க வழியில்லாத பிள்ளைகளுக்கு அவர் அதைக் கொடுத்து வாங்கிக்கொண்டிருந்தார். நான் ஆறாவதோ ஏழாவதோ. துவைக்கக் கூடாது, வெயிலில் போடக் கூடாது, மடிப்பை மாற்றி மாற்றி வைக்க வேண்டும், திங்கட்கிழமைக்குள் கையில் தர வேண்டும், புதனன்று இன்னொருத்திக்குக் கலியாணம். இவ்வளவுதான் நிபந்தனை.

இப்போது புளியடிச் சந்தி அண்ணன் கேட்ட கேள்விக்கு வருகிறேன். எனக்கும் வரலாற்றுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. அக்கினியைச் சுற்றும்போது ஒரு பொறி பறந்து முந்தானையில் விழுந்துவிட்டது. பயற்றளவு பொத்தல், சுற்றிலும் கருகல். யாரும் காணவில்லை. நான் கண்டேன். அதற்குப் பிறகு ஐயர் சொன்ன எந்த மந்திரமும் என் காதில் ஏறவில்லை. மூன்று இரவு நித்திரை இல்லை. புது மனைவிக்கு வெட்கம் என்று இவருடைய வீட்டில் நினைத்தார்கள்.

கற்சிலைமடுவில் என் சின்னம்மா இருந்தார், தையல்காரி. அதனால்தான் அந்தக் கல். "நீங்கள் போய்க் கல்லைப் பாருங்கள், நான் சின்னம்மாவிடம் ஆசி வாங்கிக்கொண்டு வருகிறேன்" என்று இவரை அனுப்பிவிட்டேன். சின்னம்மா சேலையின் உள்தலைப்பிலிருந்து ஐந்தாறு நூலை உருவி எடுத்தார். கருகலை நகத்தால் சுரண்டி உதிர்த்தார். பிறகு ஊசியைப் பொத்தலின் குறுக்கே மேலும் கீழுமாக, நெய்வது போலவே விட்டு விட்டு எடுத்தார். ஒரு வார்த்தை பேசவில்லை. முடித்து, நாக்கால் ஈரம் வைத்து, பித்தளைச் செம்பில் சுடுதண்ணீர் ஊற்றி அதன் அடியால் தேய்த்தார். வெளிச்சத்துக்குப் பிடித்தால்தான் தெரியும்.

முள்ளியவளையில் அந்த ஆசிரியை சேலையை விரித்து, கரையிலிருந்து தொடங்கி ஒரு விரலால் தடவிக்கொண்டே வந்தார். முந்தானையில் அந்த இடத்தில் விரல் நின்றது. நான் சுவரைப் பார்த்தேன். விரல் மறுபடி நகர்ந்தது. மடித்து வைத்துவிட்டு, "இடியப்பம் அவித்திருக்கிறேன், சாப்பிட்டுவிட்டுக் கோயிலுக்குப் போங்கள்" என்றார். புறப்படும்போது பாதிச் சவர்க்காரக் கட்டி ஒன்றைத் தாளில் சுற்றிக் கையில் வைத்தார். அந்த நாளில் சவர்க்காரம் என்றால் என்ன என்று தெரிந்தவர்களுக்குத் தெரியும்.

அந்த மார்கழியில் ஒட்டுசுட்டான் பக்கம் இராணுவம் வந்து நாங்கள் இடம்பெயர்ந்தோம். அவரைப் பிறகு காணக் கிடைக்கவில்லை.

இவருக்கு இது எதுவும் தெரியாது. சொல்ல வேண்டும் என்று நினைப்பேன், ஒவ்வொரு வருடமும் இவர் அந்தக் கல்லைப் பற்றி ஆசையாகப் பேசுவார், விட்டுவிடுவேன்.

நந்திக்கடல் நண்டு | பிற்பகல் 3.10

அக்கா, எனக்குப் புல்லரிக்கிறது. என் பெரியக்காவும் அந்த வருடம் முள்ளியவளையில் இரவல் கூறையில்தான் கட்டினாள். கனடாவில் இருக்கிறாள், விடியட்டும், கேட்கிறேன்.

புளியடிச் சந்தி | பிற்பகல் 3.22

நான் பாதையைத்தான் கேட்டேன்.

நந்திக்கடல் நண்டு | மாலை 6.05

அக்கா எழும்பிவிட்டாள். அவளுடையது அரக்கு இல்லை, பச்சை. கொடுத்ததும் வேறு வீடு. பொத்தலும் இருந்ததாம், ஆனால் ஓரத்தில், எலி கடித்தது. அப்படியானால் எத்தனை கூறைகள் சுற்றின?

அலைகரை | மாலை 6.40

இப்போது நான். சந்தையில் பாலைப்பழம் வந்திருந்தது, அதற்கு நின்றதில் நேரமாகிவிட்டது. வந்து வாசித்தேன். மறுபடியும் வாசித்தேன்.

அந்தக் கல்லின் முன்னால் ஒரு மணி நேரத்துக்கு மேல் நின்றேன். நிழலும் இல்லை. ஆசி வாங்க இவ்வளவு நேரமா என்று கேட்க நினைத்து, புது மாப்பிள்ளை என்று அடக்கிக்கொண்டேன். வேறு வேலையில்லாமல் அதில் இருந்த ஆங்கிலத்தை எழுத்தெழுத்தாக வாசித்தேன். இன்றைக்கும் நித்திரையில் எழுப்பிக் கேட்டாலும் பிசகாமல் சொல்வேன். என் பிள்ளைகள் இரண்டு பேருக்கும் மனப்பாடம் பண்ணிக் கொடுத்திருக்கிறேன்.

அவள் குசினியில் பழம் கழுவுகிறாள். நான் பார்க்கும்போது முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள், தோள் மட்டும் குலுங்குகிறது.